பன்னிரண்டு இலக்கம் இல்லாத ஆட்டக்காரர்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை காற்பந்து லீக்கின் பதிவுப் பாரத்தில், ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். அடையாள அட்டை எண்ணை எழுத. அந்தப் பாரங்களை வாங்கி, சரிபார்த்து, கோப்பில் கோத்து வைப்பது ஆறு ஆண்டுகளாக என் வேலை. வார நாள்களில் நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் இருக்கிறேன். “பேப்பர் வேலையா, தம்பிகிட்ட கொடுங்க” என்று செயலாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் பொறுப்பேற்ற ஆண்டில் பத்து அணிகள். பெரும்பாலும் தாமான் அணிகள், இரண்டு பழைய மாணவர் அணிகள், லோரி ஓட்டுநர்களே நிறைந்த ஓர் அணி. இன்று பன்னிரண்டு. அதில் ஐந்து அணிகளில் ஒருவருக்குக்கூட அந்தப் பன்னிரண்டு இலக்கம் கிடையாது. நேபாளிகள் இரண்டு அணி, மியன்மாரின் சின் மக்கள் ஓர் அணி, வங்காளதேசத் தொழிலாளர்கள் ஓர் அணி, ரொஹிங்கியா இளைஞர்கள் ஓர் அணி. கடந்த பருவத்தில் முதல் நான்கு இடங்களில் மூன்று இவர்களுடையவை.

இவர்கள் யாரையும் தள்ளிவிட்டு உள்ளே வரவில்லை. இடம் காலியாகத்தான் இருந்தது. நம் பையன்கள் சிலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் கல்யாணமாகிச் சிரம்பான் பக்கம் வீடு வாங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு இரவில் ஒரு மணி நேரம் ஃபுட்சால் ஆடிவிட்டுத் தே தாரிக் குடிப்பது வசதியாக இருந்தது. மதிய வெயிலில் பெரிய திடலில் தொண்ணூறு நிமிடம் ஓட ஆள் இல்லை. ஓர் ஆண்டு ஏழே அணிகள் பதிந்தன. திடல் வாடகையை ஏழால் வகுத்துப் பார்த்தபோது, லீக்கை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது.

அப்போதுதான் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து நேபாளிகள் வந்தார்கள். கட்டணத்தை ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட் நோட்டுகளாக ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்தார்கள். பதினெட்டுப் பேரிடம் வசூலித்த பணம். ஆனால் பதினெட்டுப் பேரில் பதினோரு பேரிடம் கடப்பிதழ் இல்லை. முதலாளியிடம் இருந்தது. தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி பிடித்து வைத்திருப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். இருந்தாலும் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களை வைத்துத்தான் அவர்களைப் பதிந்தேன்.

நேபாளி அணி வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களிடம் பெர்மிட் இருந்தது. சண்டை வந்தது ரொஹிங்கியா பையன்கள் விண்ணப்பித்தபோது. செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் காய்கறிக் கூடை தூக்குகிறவர்கள். அவர்களிடம் இருந்தது ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அட்டை மட்டும்தான். சிலரிடம் அதுவும் காலாவதியாகி, புதுப்பிக்க வரிசையில் காத்திருந்தார்கள்.

செயற்குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் மாமா. அவர்தான் முதலில் எதிர்த்தார்.

“நாளைக்கே திடல்ல ரெய்டு வந்தா யாருப்பா பதில் சொல்றது? பெர்மிட்டு நம்ம பேர்ல இருக்கு. திடலப் புடுங்கிட்டாங்கன்னா நம்ம புள்ளைங்க எங்க ஆடும்?”

“அப்படின்னா உங்க டி.பி.சி.ஏ.வையும் அன்னைக்கு ஆட விட்டிருக்கக் கூடாது, மாமா” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெயர் அவருக்குக் கோயில் மாதிரி.

கோலாலம்பூரில் ஈப்போ சாலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டி.பி.சி.ஏ. அரங்கம் தெரிந்திருக்கும். தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். 1914இல் தொடங்கிய சங்கம் அது. அதைத் தொடங்கிய இலங்கைத் தமிழ் இளைஞர்களும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்தாம். வெள்ளைக்காரர்களுக்கு 1884 முதல் சிலாங்கூர் கிளப் இருந்தது. அங்கே இவர்களுக்கு இடம் ஏது? ஆகவே தங்களுக்கென்று ஒரு சங்கம், ஒரு திடல், ஓர் அணி. சிங்கப்பூரிலும் இதே கதைதான். 1923இல் இந்தியர் சங்கம், 1928இல் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், 1931இல் சீக்கியர்களின் கால்சா சங்கம். வந்தவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் ஆள்களோடு சேர்ந்து ஓர் அணி கட்டினார்கள். பிறகுதான் எதிரணியோடு மோதினார்கள். மோதி மோதித்தான் பழகினார்கள்.

எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் கொடுத்த கிண்ணத்துக்கு 1921இல் முதல் போட்டி நடந்தபோது, ஆடியவர்களில் எவருக்கும் மலேசியக் குடியுரிமை என்ற ஒன்று கிடையாது. அந்த நாடே அப்போது பிறக்கவில்லை. அதே நாடு 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் போனபோது, அணியில் சந்திரனும் கிருஷ்ணசாமியும் இருந்தார்கள். பிறகு கோல்காவலர் ஆறுமுகம். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற அணிக்குப் பயிற்றுநர் கே. ராஜகோபால். இதையெல்லாம் மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்தான் எனக்குச் சொன்னவர்.

ஆனால் இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நம் பாட்டன்கள் கஷ்டப்பட்டார்கள், உண்மை. ஆனாலும் அவர்கள் வேர் விட ஒரு வழி திறந்தது. எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு 1957ஐ ஒட்டிக் குடியுரிமை கிடைத்தது. இந்த நேபாளிப் பையன்களுக்கு அது இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. ரொஹிங்கியாக்களின் நிலை இன்னும் விசித்திரம். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம், அதில் பாதிக்கு மேல் ரொஹிங்கியாக்கள். அந்த அட்டை வேலை செய்யும் உரிமையைத் தராது. எங்கள் லீக்கில் ஆடும் மூன்று பையன்கள் இங்கேயே பிறந்தவர்கள். என்னைவிட நன்றாக மலாய் பேசுகிறார்கள். ஆனாலும் எந்த நாட்டுக் கடப்பிதழும் அவர்களுக்குக் கிடையாது. கோலாலம்பூரில் ரொஹிங்கியா இளைஞர்கள் 2015இலேயே தங்களுக்கென ஒரு காற்பந்துக் குழு தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. சொந்தப் பெயரைச் சட்டையின் முதுகில் எழுதிக்கொள்ள வேறு இடம் எங்கே இருக்கிறது?

வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு. சேர்த்துக்கொண்டோம்.

அதன்பின் என் போட்டி அட்டவணை பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. சின் அணியினர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு வழிபாடு முடிந்து வர மதியம் ஆகும், அவர்களுக்கு நான்கு மணி ஆட்டம்தான். நேபாளிகளில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவார்கள். ஆட்டத்துக்கு முன் கோட்டோரம் வரிசையாகப் படுத்துத் தூங்குவதைப் பார்க்கலாம். அக்டோபரில் தசைன் பண்டிகை என்றால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் லீக்குக்கே விடுமுறை. தீபாவளி வாரத்தில் நம் பையன்கள் வர மாட்டார்கள், அது தனிக்கணக்கு.

இரண்டாம் பருவத்தில், மாமா பயந்த மாதிரி ரெய்டு வரவில்லை. வேறொன்று வந்தது. மழை விட்ட ஈரத் திடலில், ரொஹிங்கியா அணியின் இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரரும் எங்கள் தாமான் பையன் ஒருவனும் ஒரே பந்துக்குக் கால் நீட்டினார்கள். சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பையனுக்குப் பத்தொன்பது வயது. அழவில்லை. “அபாங், ஆஸ்பத்திரி வேண்டாம்” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் வலிக்குப் பயப்படவில்லை. அவனுடைய அட்டை காலாவதியாகியிருந்தது.

கூட்டிக்கொண்டுதான் போனோம். அரசாங்க மருத்துவமனையில் அகதி அட்டை உள்ளவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிதான். அந்தப் பாதியே கூடை தூக்குகிறவனுக்குப் பல மாதச் சம்பளம். அட்டை காலாவதி என்றால் அந்தப் பாதிக்கும் மல்லுக்கட்ட வேண்டும். முன்பணம் கட்டாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க மாட்டார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் பணம் அனுப்பியது மோதிய பையனின் அம்மா. அடுத்தது நேபாளிகள், மறுபடி அதே ரப்பர் வளையம். மாமா மறுநாள் காலையில் என் வீட்டுக்கே வந்து முந்நூறு ரிங்கிட் கொடுத்தார்.

“இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். இன்சூரன்ஸ் இல்லாதவன ஆட விடக்கூடாது. இப்பவும் அதத்தான் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார். பணம் கொடுத்தார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதன்பிறகு ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு இருநூறு ரிங்கிட் காய நிதிக்குக் கட்ட வேண்டும் என்று விதி போட்டோம். அதற்கு அதிகமாக முணுமுணுத்தவை நம் தாமான் அணிகள்தாம். ஓர் அணி விலகியே போய்விட்டது.

இவ்வளவு அணிகள் வந்தும் ஓர் அணி மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பையன்களின் அணி. திடலுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். பாதி நேரத்தில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவான். பந்து வெளியே வந்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டு அழகாக ஒரு காலால் நிறுத்தி உள்ளே தள்ளுவான். “ஒரு டீம் சேர்க்கலாமேடா” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமதான்ணே கூட்டமே. லீவு மாசத்துக்கு ரெண்டு நாளு. அதுவும் செவ்வா, புதன்னு குடுப்பாங்க. அன்னைக்கு யாருண்ணே ஆடுறா?”

ஞாயிறு மதியம் குடும்பத்தோடு வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடையின் முதலாளி எங்கள் லீக்குக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த புரவலர் என்பதால், இதை அவரிடம் எப்படி எடுப்பது என்று செயற்குழுவில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார் மாமா. அவரே வந்து பேசுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

கால் முறிந்த பையன் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். பழைய வேகம் இல்லை, இப்போது கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கிறான். ஆஃப்சைடு விஷயத்தில் சொந்த அணிக்கும் இரக்கம் காட்டுவதில்லை. அவன் அணியின் தலைவர் மீள்குடியேற்றத்தில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே பனியில் பந்து உருளவில்லை என்று படம் அனுப்பினார்.

புதிய பருவத்துக்கான பதிவு இந்த மாதம் தொடங்கியிருக்கிறது. பாரத்தை மாற்றிவிட்டேன்: பன்னிரண்டு கட்டங்களுக்குப் பதில் ‘ஆவண எண்’ என்று ஒரு நீண்ட கோடு. கையுறைத் தொழிற்சாலை அணியில் ஏழு பேருக்கு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள், கோல்காவலர் உட்பட. புதிதாக வந்தவர்களில் ஒருவன் ஆறடி உயரம் என்கிறார்கள். அவனுடைய கடப்பிதழ் நகல் இன்னும் என் கைக்கு வரவில்லை.