ஜோகுபாளையத்தில் ஒரு ஞாயிறு

வெளியூர் சென்று வருவோர் அங்கே கண்ட கோயில்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எழுதப் புகுவது ஒரு வீட்டையும், அவ்வீட்டில் உள்ள சில கருவிகளையும் பற்றியே. பெங்களூரில், அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே உள்ளது ஜோகுபாளையம். அங்கே நம் பழைய நண்பர் ஒருவர் தாய் தந்தையரோடும் மனைவி மகளோடும் வாழ்கிறார். நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்த அவரைக் காணச் சென்ற மாதம் மும்பையிலிருந்து புறப்பட்டோம்.

ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோ வண்டியில் ஏறினோம். மகாத்மா காந்தி சாலை கடந்தது, டிரினிடி கடந்தது. வண்டி மீண்டும் நகர்ந்ததும் இனிய பெண் குரல் ஒன்று, "முந்தின நில்தாண, ஹலசூரு" என்று அறிவித்தது. நாம் திடுக்கிட்டோம். இறங்க வேண்டிய நிலையம் அதுவே அன்றோ! அது முந்தியே போய்விட்டது போலும் என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம். அருகில் இருந்த அம்மையார் நம் முகத்தைப் பார்த்தே செய்தியை உணர்ந்துகொண்டார். "பயப்படாதீங்க. கன்னடத்துலே முந்தின என்றால் இனிமேல் வரப்போறது. உட்காருங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

உடன்பிறந்த மொழிகள் இரண்டு. ஒரே சொல் நமக்குப் பின்னால் போனதைக் காட்டுகிறது. அவர்களுக்கு முன்னால் வருவதைக் காட்டுகிறது. பல தலைமுறையாக இந்நகரில் வாழும் தமிழருக்கு இது புதிதன்று, நமக்குப் புதிது. அன்று முழுவதும் அச்சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

பாள்யமும் பாளையமும்

கன்னடத்தார் ‘ஜோகுபாள்ய’ என்பதை நாம் ஜோகுபாளையம் என்கிறோம். அவர்கள் ‘ஹலசூரு’ என்பதை நம்மவர் அல்சூர் என்கின்றனர். ஹலசு என்றால் பலா. பலா மரங்கள் நிறைந்திருந்த ஊர் என்பது பெயருக்குச் சொல்லப்படும் காரணம். 1809-இல் ஆங்கிலேயர் இப்பக்கத்தில் படைவீட்டை அமைத்தபின், படைவீரராகவும் கூலியாட்களாகவும் வணிகராகவும் தமிழர் பலர் வந்து குடியேறினர். ‘தம்பிகள்’ என்று நாடெங்கும் அறியப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் இருப்பிடம் இன்றும் அல்சூர் ஏரியை அடுத்தே இருக்கிறது.

நண்பர் நிலையத்திற்கே வந்திருந்தார். வழியில் ஒரு காய்கறிக் கடையில் நின்றார். கடைக்காரர் நம்மிடம் தமிழில் பேசினார். அடுத்து வந்த அம்மையாரிடம் கன்னடத்தில். அவருக்கு அடுத்தவரிடம் உருதுவில். நண்பர் கைப்பேசியால் பணம் செலுத்தியதும், காய்க் கூடைகளுக்கு நடுவே இருந்த சவுண்ட் பாக்ஸ் தொகையை உரக்கக் கூவிற்று. நூறு என்பது தமிழிலும் நூறு, கன்னடத்திலும் நூறு. ஆகவே பெட்டி பேசுவது எம்மொழி என்று முதற் சொல்லில் நமக்கு விளங்கவில்லை. வாக்கியம் முடிந்தபோதுதான் அது கன்னடம் என அறிந்தோம். பெட்டிக்கு ஒரு மொழியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கோ யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. எதிரே நிற்பவர் முகமே அவருக்குக் குறிப்பு.

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. தெருவோரக் கடைகளிலும் சில்லறைத் தொல்லையை ஒழித்தது அது. எனினும், 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவுகளைக் கணக்கிட்டு வணிகவரித் துறை இந்நகரின் சிறு வணிகர் பலருக்கு அறிவிப்பு அனுப்பியபோது, பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டை தொங்கிற்று. வசதி தரும் கருவி கணக்கும் எழுதிவைக்கும் என்பதை வணிகர்கள் அன்று கண்டுகொண்டனர்.

அடுக்களையில் ஒரு போட்டி

நண்பரின் இல்லத்தில் முதலில் நம் கண்ணில் பட்டது கிரைண்டர். கோவை தந்த செல்வங்களுள் இதுவும் ஒன்று. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் கை வலிக்க மாவாட்டிய பெண்களின் உழைப்பைக் குறைத்த கருவிகளைப் பட்டியலிட்டால் இதற்கே நாம் முதலிடம் அளிப்போம். மிக்ஸியின் மீது நமக்கு அத்துணை மதிப்பு இல்லை. அது சட்டினிக்கு ஆகும். அதில் அரைத்த மாவு சூடேறி, இட்லி மிருதுவாக வருவதில்லை. இது நம் சொந்தக் கருத்து, மறுப்போர் எழுதலாம்.

மாவை அரைப்பதைக் காட்டிலும் புளிக்க வைப்பதே பெங்களூரில் பெரும்பாடு. மார்கழிக் குளிரில் மாவு மறுநாள் காலையிலும் பொங்காமல் அப்படியே கிடக்கும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிவிடுவதே காரணம். நண்பரின் தாயார் பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்பங்கரை மூலையில் வைப்பார். மருமகள் இதற்கென்றே, வெப்பத்தைக் குறித்துவைக்கும் மின்சாரப் பானை ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டில் எது சிறந்தது என்று நம்மையே நடுவராக்கிவிட்டனர்! இரண்டு இட்லியும் தின்றோம், வேற்றுமை தெரியவில்லை. "பானை நல்லதுதான். ஆனால் போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சே, அன்னைக்கு யார் ஜெயிச்சது?" என்றார் தாயார். மருமகள் சிரித்துக்கொண்டே, "அத்தை கம்பளிதான்" என்று ஒப்புக்கொண்டார். கீழ் வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் அனுப்பிய சாம்பாரில் வெல்லம் இட்டிருந்தது. முதல் வாய்க்கு வியப்பாக இருந்தது. மூன்றாம் வாய்க்குக் கிண்ணம் காலி.

தொலைபேசி செய்தவர்

நண்பரின் தந்தையார் எண்பதைக் கடந்தவர். பழைய மதராஸ் சாலையில், தூரவாணி நகரில் 1948-இல் தொடங்கப்பெற்ற இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நம் இளமையில் அலுவலகங்களில் கண்ட, விரலை விட்டுச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசிகள் அங்கே உருவானவை. குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் அவர் இருந்தார். ஆயினும் அவர் வீட்டிற்குத் தொலைபேசி வந்தது மிகவும் பிற்பாடுதான். அக்காலத்தில் நாடெங்கும் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே வழக்கம். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவருடைய தாயாரோடு நீல நிற இன்லண்டு கடிதமே பேசிற்று, அவசரமெனில் தந்தி. அத்தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று.

அவர் கையில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று இன்றும் ஓடுகிறது. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. 2016-இல் அதன் கடிகாரத் தொழிலை மூட அரசு முடிவு செய்தது. பேரப்பிள்ளைகள் அவருக்கு நடையை எண்ணும் புதுவகைக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்களாம். சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் அது எழுந்திருக்கச் சொல்லுமாம். "என்னை எழுந்திருன்னு சொல்ல வீட்டிலே ஆள் இருக்கு தம்பி" என்று மனைவியைக் காட்டி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் கைப்பேசியை அவர் வெறுக்கவில்லை. கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவர். சிறு எழுத்துகளைத் தட்டுவது கடினம். 2017-இல் கூகிள் தமிழிலும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதுமுதல் அவர் பேசப் பேசக் கைப்பேசி எழுதிக்கொள்கிறது. கன்னடமும் உருதுவும் கலந்த பெங்களூர்த் தமிழில் அவர் பேசினால் அது தடுமாறுகிறது. ஆகவே வானொலிச் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்.

கண்ணு

அவருடைய மகள் குடும்பத்தோடு கனடாவில், டொராண்டோ நகரில் இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பேரனுக்குத் தாத்தா ஒரு நாள், "நல்லா இருக்கியா கண்ணு? பள்ளிக்கூடம் திறந்தாச்சா?" என்று பேசி அனுப்பினார். கைப்பேசி பிழையின்றித் தமிழில் எழுதிச் சேர்த்தது. பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தினான். கருவி ‘கண்ணு’ என்பதை முகத்தில் உள்ள கண்ணாகவே பெயர்த்துக் கொடுத்துவிட்டது. பையன் பதறிப்போய், "தாத்தா, உங்கள் கண்ணுக்கு என்ன? மருத்துவரிடம் போனீர்களா?" என்று ஆங்கிலத்தில் பதில் அனுப்பினான்.

வீடே சிரித்ததாம். நாமும் சிரித்தோம். கன்னடத் தாய்மார் குழந்தையைச் ‘சின்னா’ என்று கொஞ்சுவர். சின்ன என்றால் பொன். அதையும் அக்கருவி கடைச்சரக்காக ஆக்கிவிடும் போலும் என்றோம். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பையன் மேலே தப்பில்லே தம்பி, அன்பாத்தான் கேட்டிருக்கான். அந்தக் காலத்துலே டிரங்க் கால் பேசினா ஒரே இரைச்சலா இருக்கும். சொன்னது போய்ச் சேரும். இப்போ பக்கத்துலே உட்கார்ந்து பேசற மாதிரி கேக்குது. நான் சொன்னதுதான் போய்ச் சேரலே" என்றார்.

வாழ்நாள் முழுவதும் குரல் தெளிவாகப் போகிறதா என்று சோதித்தவர் கூறிய சொல் அது. நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மும்பையில் நம் வீட்டிலும் பிள்ளைகள் தமிழ் பேசுவர். எழுத்தைக் கண்டால் நம்மிடம் நீட்டுவர். இதைப் படிக்கும் அன்பர்களின் இல்லங்களிலும் நிலைமை பெரும்பாலும் அதுவே.

ஏரிக்கரையில்

மாலையில் பெரியவரோடு ஏரிக்கரைக்கு நடந்தோம். 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஏரியின் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது.

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி எழுந்த கலவரத்தைப் பெரியவர் கண்டவர். அவ்விரவில் கீழ் வீட்டுக் கன்னடக்காரர் தம் நாற்காலியை இவர்கள் வாயிற்படியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். ஆகவேதான் 2012 ஆகஸ்டில் நடந்தது தம்மை மிகவும் வருத்தியது என்றார். வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று கைப்பேசிகளில் வதந்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் பெங்களூரைவிட்டு ஓடினர். கௌஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாதென்று அரசு பதினைந்து நாட்களுக்குத் தடை விதித்தது. "அந்தப் பிள்ளைங்களுக்குக் கன்னடம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்க வழியில்லே. போன் சொன்னதை நம்பினாங்க" என்றார். குடியேறிய ஊரின் மொழியைக் கற்பது மரியாதை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொன்னதில்லை.

பலகையும் கைப்பேசியும்

இரவு ஏழு மணிக்கு வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. டொராண்டோவில் அது ஞாயிறு காலை. ‘கண்ணு’ நிகழ்ச்சிக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடாம். பெரியவர் சிலேட்டுப் பலகையில் ஓர் எழுத்தை எழுதிக் கைப்பேசியின் முன் பிடிக்கிறார். அங்கே பேரன் எழுதிக் காட்டுகிறான். இங்கே நண்பரின் மகளும் உடன் உட்காருகிறாள். அவள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறாள். தமிழ் எழுத்து அவளுக்கும் புதிது.

"தாத்தா, கன்னடத்துலே நாலு க இருக்கே, தமிழ்லே ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே போதும் நமக்கு."

"அப்போ சுலபம்!" என்றாள். கனடாவிலிருந்தும் சிரிப்பொலி கேட்டது.

அரைமணி நேரம் நடந்தது. முடிவில் பேரன் ‘கண்ணு’ என்று எழுதிக் காட்டினான். ண்ணுவின் சுழி ஒன்று குறைவாக இருந்தது. பெரியவர் திருத்தவில்லை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று நம்மிடம் மெல்லச் சொன்னார்.

கருவிகளைப் பழிப்பதும் போற்றுவதும் எளிது. கடலுக்கு அப்பால் உள்ள பேரனின் முகத்தைக் கொண்டுவந்து காட்டும் கருவியை நாம் எவ்வாறு பழிப்போம்? ஆனால் அது முகத்தைக் கொண்டுவரும், குரலைக் கொண்டுவரும். எழுத்தறிவை நாம்தான் கொடுக்க வேண்டும். வாரத்தில் அரைமணி நேரம், ஒரு பலகை, வீட்டில் ஒரு முதியவர் ஆகிய மூன்றும் போதும் என்பதை ஜோகுபாளையத்தில் கண்டோம். நம் அன்பர்கள் தத்தம் இல்லங்களில் வரும் ஞாயிறே தொடங்கலாம். பிள்ளைகள் வாழும் ஊரின் மொழியையும் அதே பலகையில் கற்றுக்கொடுத்தால் இன்னும் நன்று. அதற்குப் பிள்ளைகளே நமக்கு ஆசிரியராவார்கள்.

மறுநாள் காலை மெட்ரோவில் திரும்பினோம். ஹலசூருவை விட்டு வண்டி புறப்பட்டதும் அதே குரல், "முந்தின நில்தாண, டிரினிடி" என்றது. எதிரே இருந்த இளைஞர் ஒருவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு திகைத்து எழுந்தார், நம்மூர் முகம். "உட்காருங்க தம்பி, இனிமேல்தான் வரும்" என்றோம்.