ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு பயணம்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கோயில்ல காணோம்னு பலபேர் விசாரிச்சீங்க. "அண்ணனுக்கு உடம்பு முடியலையா?"ன்னு வீட்டுக்கே போன் பண்ணவங்களும் உண்டு. உடம்புக்கு ஒண்ணுமில்லை. நானும் வீட்டுக்காரம்மாவும் ஒரு வாரம் பினாங்கு போயிருந்தோம். அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வாரத்துக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. அதை எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க வீடு தஞ்சோங் பகார்ல, ஸ்பாட்டிஸ்வுட் பார்க். ஜன்னல்ல நின்னா பழைய ரயில் நிலையத்தின் கூரை தெரியும். 1932-ல் திறந்த நிலையம். 1996-ல் கல்யாணம் ஆன அடுத்த வாரம், பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தே போய் அங்க இரவு ரயில் ஏறினோம். அப்பல்லாம் ரெண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்துலயே முடிஞ்சிடும். காலையில கோலாலம்பூர், அங்கிருந்து பட்டர்வொர்த், அப்புறம் ஃபெரி ஏறிப் பினாங்கு. தேனிலவுன்னு சொல்ல வெட்கம். "தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போறோம்"னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம்.

2011 ஜூன் 30-ஆம் தேதி ராத்திரி அங்கிருந்து கடைசி ரயில் கிளம்புச்சு. ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனார். கீழே பெரிய கூட்டம். ஜன்னல் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தப்ப வீட்டுக்காரம்மா, "இன்னொரு தடவை போயிருக்கலாம்"னாங்க. "அதுக்கென்ன, இனிமே உட்லண்ட்ஸ்ல ஏறிப் போனா போச்சு"ன்னேன்.

போகலை. 2014-ல் ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சுட்டு வந்ததுதான் கடைசிப் பயணம். அடுத்த வருஷமே அம்மாவுக்குப் பக்கவாதம். ஆறு வருஷம் படுக்கை. நடுவுல கொவிட் வந்து எல்லையை மூடிட்டாங்க. 2021-ல் அம்மா போய்ச் சேர்ந்தாங்க. கட்டுப்பாடு இருந்த நேரம், கொஞ்சம் பேரோட மண்டாய்க்குக் கொண்டுபோனோம்.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதி மலேசியாவோட தரைவழி எல்லை முழுசாத் திறந்துச்சு. ஜூன்ல உட்லண்ட்ஸ் – ஜொகூர் ரயிலும் திரும்ப ஓட ஆரம்பிச்சது. "போலாமா?"ன்னு கேட்டாங்க. "தீமிதி முடியட்டும்"னேன். தீமிதி முடிஞ்சது. "மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வருதே, அது முடியட்டும்"னேன். 2023 பிப்ரவரி 12-ஆம் தேதி அம்மன் அருளால கும்பாபிஷேகமும் நல்லபடியா நடந்துச்சு. "மண்டலாபிஷேகம்..."னு வாயைத் திறந்தேன். அவங்க ஒண்ணும் பேசலை. மகள்கிட்டச் சொல்லி ஜூன் மாசத்துக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க.

"ஒண்ணு சொல்லிடுறேன். இது கோயில் பயணம் இல்லை. சும்மா போறோம்."

உட்லண்ட்ஸ்ல ஏறினா அஞ்சு நிமிஷத்துல ஜொகூர். அப்ப இங்கிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து திரும்ப 5 ரிங்கிட்டா இருந்துச்சு. அங்கிருந்து கெமாஸ் வரைக்கும் அப்ப பழைய டீசல் ரயில்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. கெமாஸ்ல மாறித்தான் மின்சார ரயில் ஏறணும்னு இருந்துச்சு.

டீசல் ரயில்ல வெளியே செம்பனை மரம் வரிசையா போய்க்கிட்டே இருக்கு. நான் போனைப் பார்த்துக்கிட்டே வர்றேன். தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவுல வெள்ளிக்கிழமை யார் காய் நறுக்குறது, யார் காலணிப் பக்கம் நிக்கிறதுன்னு பேச்சு ஓடுது. நானும் பதில் போட்டுக்கிட்டே வர்றேன்.

கெமாஸ் பிளாட்பாரத்துல கோப்பி வாங்கிக் கொடுத்துட்டு மறுபடி போனை எடுத்தேன். அப்பதான் கேட்டாங்க.

"கோயிலுக்கு வர்ற எல்லாரையும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேக்குறீங்க. என்னைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"சாமி காரியம்தானே..."ன்னு இழுத்தேன்.

"நான் வேண்டாம்னு என்னைக்காவது சொன்னேனா? அங்க நீங்க வயசானவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வைப்பீங்க. எல்லாரும் நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல வீட்டுல உங்க அம்மாவைப் புரட்டிப் படுக்க வெச்சது யாரு?"

கோபமாச் சொல்லலை. கோப்பியைக் குடிச்சுக்கிட்டே சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் தொண்டை அடைச்சிடுச்சு. அந்த ஆறு வருஷமும் வெள்ளிக்கிழமை ராத்திரி பிரசாதப் பொட்டலத்தோட வீட்டுக்கு வருவேன். பொங்கலை அம்மாவுக்குக் கரைச்சு ஊட்டிட்டு, மிச்சம் இருக்கிறதைத்தான் அவங்க சாப்பிடுவாங்க. அதைப் பார்த்துக்கிட்டே நான் அன்னிக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு கணக்குச் சொல்லுவேன். போனை அணைச்சுப் பைக்குள்ள வெச்சேன்.

கோலாலம்பூர்ல ஒரு ராத்திரி தங்கிட்டு, காலையில பட்டர்வொர்த். பெரிய மஞ்சள் ஃபெரியை நினைச்சுக்கிட்டு ஆசையாப் போனோம். ஆளுங்களை ஏத்துற அந்தப் பழைய ஃபெரியை 2020 கடைசியிலேயே நிறுத்திட்டாங்களாம். அப்ப ஓடினது சின்ன விரைவுப் படகுதான். "நாம மாறினது போதாதுன்னு ஃபெரியும் மாறிடுச்சு"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டே ரொம்ப நாளாச்சு.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நல்ல கூட்டம். பக்கத்து மேசையில ஒரு பாட்டி தண்ணி கேட்டாங்க. நான் என்னை அறியாமலே எழுந்து ஜக்கைத் தூக்கிட்டேன். கடைக்காரத் தம்பி ஒரு மாதிரிப் பார்க்கிறார்! வீட்டுக்காரம்மா சட்டையைப் பிடிச்சு இழுத்து, "உட்காருங்க. இன்னிக்கு நீங்க சாப்பிட வந்திருக்கீங்க"ன்னாங்க. பந்தியில பரிமாறியே பழகிட்டேன். பக்கத்துல உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமா?"ன்னு அவங்களைக் கேட்டது, அன்பர்களே, எனக்கே புதுசா இருந்துச்சு.

நாலாவது நாள் காலையில அவங்களாவே, "தண்ணீர்மலை ஏறலாமா?"ன்னாங்க. "கோயில் பயணம் இல்லைன்னு சொன்னியேம்மா"ன்னேன். "இப்ப நான் கூப்பிடுறேன்ல"ன்னாங்க.

ஐந்நூறுக்கும் மேல படி. 1996-ல் ஓட்டமா ஏறினது. இப்ப முட்டி வலி, இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். மேல போய்ச் சன்னிதியில நின்னதும் அவங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் பயந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அத்தை போனப்ப அழக்கூட நேரம் இல்லை. மருந்துச் சாமான் திருப்பிக் கொடுக்கணும், கட்டிலைத் திருப்பிக் கொடுக்கணும்னே போயிடுச்சு. இப்பதான் அழுகை வருது"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. பக்கத்துல நின்னேன். அன்னிக்கு அதுதான் எனக்குக் கொடுத்த வேலைன்னு பட்டுச்சு.

இதை எழுதுறது தொண்டைக் குறைச்சுச் சொல்ல இல்லை. அம்மன் கோயில்ல நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் பாக்கியம்தான். ஆனா நாம கோயில்ல நிக்க முடியறதுக்கு, வீட்டுல ஒருத்தர் நமக்காக நிக்கிறாங்க. அவங்க பேர் எந்தப் பட்டியல்லயும் இல்லை, அவங்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்துறதும் இல்லை. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இனிமே மாதத்தோட முதல் வெள்ளிக்கிழமை நான் வர மாட்டேன், அந்த நாள் வீட்டுக்கு. அன்னிக்குச் சாயங்காலம் 6 மணியிலிருந்து காலணிப் பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும். முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க.

எல்லாருக்கும் அம்மன் துணை 🙏