பாலாற்றங்கரையில் ஒரு படம்

காஞ்சிமாநகரிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருவழியில் ஐயம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. பட்டு நெசவு அவ்வூராரின் சிறப்புத் தொழில். ஊருக்கு அணித்தே பாலாறு உள்ளது. அது கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடந்து, வயலூருக்கு அருகே கடலில் கலப்பது. எனினும், ஆண்டின் பெரும்பகுதியும் அது வெறும் மணற்பரப்பே. அதில் நீர் வரும் நாள் கரையோர ஊர்களுக்கெல்லாம் திருநாளாகும்.

அவ்வூர் நெசவாளர் ஒருவரின் மகன் புகைப்படக் கலையில் ஆர்வம் மிக்கவன். அவன் தன் கூலியில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துப் புதிய பில்டர் ஒன்று வாங்கினான். அது காமிராவின் முகப்பிற் பொருத்தும் கருங்கண்ணாடி; நிறத்தை மாற்றாது, ஒளியை மட்டும் குறைப்பது. ஒளியைப் பாதியாக்குவதை ஒரு படி என்பர். அக்கண்ணாடி பத்துப் படி குறைப்பது. ஆகவே 1,024இல் ஒரு பங்கு ஒளியே உள்ளே புகும். ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறக்கவேண்டிய காமிராவை 68 நொடி திறந்து வைக்கலாம். அதற்குள் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, ஓடும் நீர் விரித்த பட்டுப்போலத் தோன்றும். கண்ணாடி கைக்கு வந்தது. சோதித்துப் பார்க்க ஆற்றில் நீரில்லை!

2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெருமழை பொழிந்தது. பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. அது வடிந்து நீர் அமைதியாக ஓடத் தொடங்கியபின், ஒரு மாலையில் மகன் காமிராவுடன் புறப்பட்டான். ஆறு ஓடும் அழகைக் காண முதிய தந்தையும் உடன் சென்றார்.

முதற்படம் மங்கியது. கருங்கண்ணாடியைப் பொருத்திய பின்னரே அவன் குவியத்தைச் சரிசெய்ய முயன்றான். அவ்விருளில் காமிரா எதனைக் காணும்? இரண்டாம் படம் கலங்கியது. ஈரமணலில் முக்காலியின் கால்கள் சிறிது சிறிதாகப் புதைந்துவிட்டன. கதிரவனோ மேலைத்திசையில் சாய்ந்துகொண்டிருந்தான். மகன் பதறவில்லை. கால்களின்கீழ்த் தட்டைக் கற்களை வைத்தான். கண்ணாடியைக் கழற்றிக் குவியத்தை நிலைநிறுத்தினான். பின்னர் மெல்லப் பொருத்தினான்.

அப்பொழுது தந்தை நீர்விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவரை விலகச் சொல்ல வாயெடுத்தவனுக்குத் தான் படித்த செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1838இல் லூயி தாகர் என்பார் பாரிசு நகரத்துத் தெரு ஒன்றைப் படமெடுத்தார். அக்காலத் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. தெருவிற் சென்ற வண்டிகளும் மக்களும் பதியவே இல்லை. காலணியைத் துலக்கிக்கொள்ள நின்ற ஒருவரே தெளிவாகப் பதிந்தார். அன்று கருவியின் குறையால் நேர்ந்த தாமதத்தை, இன்று விரைந்த கருவியிலும் வேண்டியே வரவழைக்கிறது இக்கருங்கண்ணாடி.

“அப்பா, ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் அசையாமல் நில்லுங்கள்” என்றான் மகன்.

“தறியில் நாள்முழுதும் ஓரிடத்தில் இருந்தவனுக்கு இது பெரிதா?” என்று சிரித்துவிட்டு, அவர் ஆற்றை நோக்கி நின்றார்.

படம் பதிந்தது. கரையில் நடமாடியவர் எவரும் அதில் இல்லை. பறந்த காக்கைகளும் இல்லை. வெண்பட்டென விரிந்த நீரின் ஓரத்தில் தந்தை மட்டும் நின்றார். காற்றில் அசைந்த தோள்துண்டின் நுனி புகைபோல் மங்கியிருந்தது. அதனைக் குறையெனக் கருதி மகன் வருந்தினான்.

தந்தை படத்தை நெடுநேரம் நோக்கினார். “ஆற்றின் ஓட்டம் இதில் தெரியவில்லையே, தம்பி!” என்றார். மகனின் முகம் வாடியது. அவர் தொடர்ந்தார்: “போகட்டும். நம் ஆற்றில் நீர் இருந்தது. நான் அதன் கரையில் நின்றேன். இவ்விரண்டும் தெரிகின்றன. நாளை உன் பிள்ளைகள் கேட்டால் காட்டு.”

அழகிய நீரைப் படமாக்கவே மகன் சென்றான். நீர் நில்லாது, தந்தையும் என்றும் உடனிருப்பவர் அல்லர். இரண்டும் ஒருங்கே வாய்த்த 68 நொடிகளே தனக்குக் கிடைத்த பேறு என்பதை அவன் அன்று உணர்ந்தான். அப்படம் இன்றும் அவ்வீட்டில் தறிக்கு எதிர்ச்சுவரில் தொங்குகின்றது.