காது மந்தம் யாருக்கு?

"என்ற காதுல ஒரு கோளாறும் இல்ல அம்மிணி. அந்தப் போனுலதான் என்னமோ கரகரங்குது" என்று என் மாமியார் சொன்னபோது நாங்கள் யாருமே நம்பவில்லை. வயசு எழுபதைத் தாண்டிவிட்டது, காது மந்தமாகியிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

இது நடந்தது 2006 ஐப்பசியில். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனாருக்கு அப்போது ஏழாவது மாதம். தினம் சாயங்காலம் போன் பண்ணுவாள். அவள் பேசுவது புரியாமல் அத்தை, "என்ன கண்ணு? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். பகலில் நாங்கள் பேசினால் லைன் தெளிவாகத்தான் இருக்கும். காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். "வயசுக்கு நன்றாகவே கேட்கிறது" என்று சொல்லிவிட்டார். அப்புறம் அத்தை போனையே தொடவில்லை. மணி அடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஒரு மழை நாள் சாயங்காலம் நானே எடுத்தேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம்! எனக்கு மனசே சரியில்லை.

அன்றிலிருந்து சத்தம் வரும் நேரத்தை காலண்டரில் குறித்தேன். மழை பெய்தால் வருகிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது. அதற்கு முன் இரண்டு தடவை லைன்மேன் பகலில் வந்து, "லைன் நல்லாத்தானுங்க இருக்குது" என்று திரும்பியிருந்தார். மூன்றாம் தடவை காலண்டரைக் காட்டினேன். நேரே கூரை ஓரத்துக்கு ஏணி போட்டார். அங்கே வயர் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. ஈரம் பட்டால் அந்த இடத்தில் மின்சாரம் விட்டு விட்டு ஓடும், அதுதான் கரகரப்பு என்றார். வெட்டிப் புதிதாக ஒட்டினார். பத்தே நிமிஷ வேலை!

செம்புக் கம்பி லைன் இருக்கும் வீடுகளில் நீங்களே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் கவனியுங்கள். சுருள் வயரை ஆட்டினால் சத்தம் வருகிறதா? கோளாறு அந்த வயரில். நல்ல போன் ஒன்றை மாட்டியும் சத்தம் போகவில்லையா? கோளாறு லைனில். பக்கத்து பவர் டேபிள் ஓடும்போது மட்டும் 'உம்'மென்று இரைந்தால், கரண்ட் வயரோடு போன் வயர் ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். இரைச்சலைக் குறைக்க இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஓடவிடும் முறைக்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். இடி இடிக்கும்போது மட்டும் வயர் போனைத் தொடவே வேண்டாம்.

அன்று சாயங்காலம் அத்தையின் கையில் ரிசீவரைக் கொடுத்தேன். அரை மணி பேசினார். வைத்துவிட்டு, "குழந்தை நல்லா உதைக்குதாம் அம்மிணி" என்றார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது எங்கள் வீட்டில் கண்ணாடி இழை லைன், மழைக்குக் கரகரப்பதில்லை. ஆனாலும் பெரியவர்கள் ஒன்று சொன்னால், அவர்கள் காதைச் சந்தேகிக்கும் முன் நம் காதைக் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமே!