கைமாறும் புத்தகங்கள்

மின்நூலா, அச்சு நூலா? கொல்கத்தாவின் பழைய புத்தகத் தெருவில் கிடைத்த பதில்

வங்காளிகள் புத்தகத்தை ‘பொய்’ என்கிறார்கள். பம்பாயின் ‘ப’வைப் போல அழுத்தி உச்சரிக்க வேண்டும். இருந்தாலும் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது பொய்தான். கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டும் அதை ஒட்டிய சந்துகளும் சேர்ந்ததுதான் ‘பொய் பாடா’, அதாவது புத்தகப்பேட்டை.

மகாத்மா காந்தி ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். பிரசிடென்சி, சமஸ்கிருதக் கல்லூரி, 1857இல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கல்வி நிலையங்கள். அவற்றின் சுவர்களிலும் கம்பி வேலிகளிலும் முதுகைச் சாய்த்தபடி நூற்றுக்கணக்கான சிறு கடைகள். மரப்பலகை, தகரம், மேலே ஒரு தார்ப்பாய். உள்ளே கடைக்காரர் உட்கார மட்டும் இடம் விட்டு, மற்றபடி தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள்.

இந்தத் தெருவுக்கு நான் போனபோது தோள்பையில் இருந்தது ஒரு மின்நூல் கருவி. மகள் வாங்கித் தந்தது. காரணம் இருந்தது. பெரிய வாடகை வீட்டைக் காலி செய்து சிறிய ஃப்ளாட்டுக்குப் போகிறோம். என்னிடம் இருப்பது ஏறக்குறைய 600 புத்தகங்கள். புது வீட்டில் இடம் இருப்பது 200க்கு. “மீதியை இதில் படித்துக்கொள் அம்மா” என்றாள். யோசனையில் தவறு ஏதுமில்லை. இரண்டு இரவு ரயில் பயணத்தில் அந்தக் கருவி என்னை வென்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். எடை சுமார் 200 கிராம். பெட்டியில் விளக்கை அணைத்த பிறகும் யார் தூக்கத்தையும் கெடுக்காமல் படிக்கலாம். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி சாதாரண விஷயமல்ல. திரைக்குள் முடிப் பருமனே உள்ள நுண்குமிழிகள். அவற்றில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். பக்கத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், எழுத்தைத் திரையில் நிறுத்திவைக்க வேண்டாம். வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் ரகசியம் இதுதான்.

தமிழுக்கும் இதில் இடம் கிடைத்துவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில், தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் நூல் விற்கத் தொடங்கியது. சங்க இலக்கியம் முழுவதும் இன்று ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும். எம்.ஏ. படித்த நாட்களில் ஓர் உரை நூலுக்காக மூன்று நூலகங்கள் ஏறி இறங்கிய எனக்கு இது அற்புதம்தான்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் 2014இல் நடந்த ஒரு காரியம். அப்பா காலமான மூன்றாம் மாதம், அவர் சேர்த்த புத்தகங்களை ஐந்து மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டோம். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு. ஒன்றைக்கூட நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகச் சுவரோரக் கடை ஒன்றில், அட்டை கிழிந்த ஒரு வங்காளி-ஆங்கில அகராதி கண்ணில் பட்டது. முதல் பக்கத்தில் நீல மையில் நாலு வரி. அறுபதைத் தாண்டிய கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு இந்தியில் விளக்கினார். “திதி, இது ஓர் அப்பா மகளுக்கு எழுதியது. 1968. கல்லூரியில் சேர்ந்ததற்குப் பரிசு.” பிறகு அலட்டிக்கொள்ளாமல் சேர்த்தார்: “விற்றவர்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, பையிலிருந்த கருவியை எடுத்துக் காட்டினேன். இது பெருகினால் தொழில் என்னாகும் தாதா?

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பகைமை எதுவுமில்லை. மாணவர்கள் இப்போதே பாதிப் புத்தகங்களை செல்போனில்தான் படிக்கிறார்கள் என்றார். தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சில கருவிகள் தாங்கும் என்றேன். “அப்படியானால் எங்களுக்கு அது வேண்டியதுதான்” என்று சிரித்தார்.

சிரிப்பின் காரணம் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. ஊரடங்கால் கடைகள் ஏற்கனவே பூட்டிக் கிடந்தன. மறுநாள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் மிதந்தன. “வெயிலில் காயவைத்தோம். காய்ந்தது. ஆனால் பக்கங்கள் பிரியவில்லை, செங்கல் மாதிரி ஆகிவிட்டது” என்றார் அவர். 1997இல் மைதானத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியைத் தீ தின்றதையும் இந்த நகரம் மறக்கவில்லை. காகிதம் நிரந்தரம் என்று இங்கே யாரிடமும் வாதாட முடியாது.

கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நாளைக்கு இதை நீங்கள் என்னிடம் பழைய விலைக்கு விற்றால், உள்ளே புத்தகங்கள் இருக்குமா?”

இருக்காது. விற்கும்முன் என் கணக்கை அதிலிருந்து நீக்கியாக வேண்டும். வாங்கிய நூல்களும் அதோடு போய்விடும். கடையில் வாங்கும் மின்நூலுக்கு நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் படிக்கும் உரிமைக்கான கட்டணம்தான். 2009 ஜூலையில் அமேசான், விற்பனையாளருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாசகர்களின் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. விலை கொடுத்து வாங்கிய காகிதப் புத்தகத்தை எடுக்க ஒருவர் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

மாடிப்படி ஏறி, ஆல்பர்ட் ஹாலில் உள்ள இந்தியன் காஃபி ஹவுஸில் உட்கார்ந்தேன். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் ‘இன்ஃப்யூஷன்’ என்ற கறுப்புக் காபியை வைத்துவிட்டுப் போனார். கீழே உள்ள தெருவே கைமாற்றத்தில் பிழைக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவர் படித்து முடிக்க, இன்னொருவர் பாதி விலைக்கு வாங்க, அவர் மகன் மீண்டும் விற்க, நாலு தலைமுறையாக ஓடுகிறது வியாபாரம். மின்நூல் எத்தனை வேகமாக வந்தாலும் வாங்கியவரோடு நின்றுவிடுகிறது.

மறுநாள் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். கொல்கத்தா பயணத்தின் நோக்கமே அதுதான். பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல்சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை முடித்துவைத்த பதிப்பாசிரியர் அவர், 1956இல் மறைந்தார். வங்காளத்தின் தலைநகரில் அவருடைய அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் பத்திரமாக இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவருடைய லெக்சிகனை நான் புரட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதியில் ஒரு சொல்லைத் தட்டினால் நொடியில் வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வேகம் சோறு போடுகிறது. ஆக, அவர் உழைப்பின் பலன் எனக்குத் திரையில் கிடைக்கிறது. அவர் கையில் வைத்திருந்த நூல்களைப் பார்க்க மட்டும் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. இரண்டும் வேண்டியிருக்கிறது என்பதுதான் உண்மை.

ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: எனக்குப் பிறகு நீ யாரிடமாவது போக வேண்டுமா? அகராதிகள், இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள், ஒரு முறை படித்து மறக்கும் துப்பறியும் கதைகள் - இவையெல்லாம் கருவிக்குள் போகலாம். மறுபதிப்பு காணாதவை, ஓரத்தில் நான் சண்டை போட்டு எழுதியவை, கையெழுத்திட்டு யாரோ தந்தவை காகிதமாகவே இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 200 அல்ல, 260 ஆகிவிட்டது. மகள் கட்டிலுக்கு அடியில் இடம் கண்டுபிடித்திருக்கிறாள்.

மீதி 340ஐ எடைக்குப் போடவில்லை. ஒரு நூலகமும் இரண்டு பழைய புத்தகக் கடைகளும் எடுத்துக்கொண்டன. கொடுக்கும்முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். எட்டு நாள் பிடித்தது.

அந்த வங்காளி அகராதியை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிவந்தேன். எனக்கு வங்காளி படிக்கத் தெரியாது. அது கட்டிலுக்கு அடியில் இல்லை, மேஜைமேல் இருக்கிறது.