தலைவர் முகத்திற்கு என்ன விலை?

எங்கள் செய்யாற்றுக்கு ஒரு பக்கம் ஆரணி, மறுபக்கம் காஞ்சிபுரம். இரண்டும் பட்டு நெய்யும் ஊர்கள். ஆகவே துணியை விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் பழக்கம் இவ்வட்டாரத்தாருக்கு இளமையிலேயே வந்துவிடுகிறது. தேர்தல் காலத்தில் மட்டும் எவரும் நூலைப் பார்ப்பதில்லை, கரையைத்தான் பார்க்கின்றனர். கறுப்பும் சிவப்புமா, இடையில் வெள்ளை உண்டா என்பதே கேள்வி.

கட்சிக்கரை வேட்டிக்கு எந்த வியாபாரியும் கட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டதாக நான் அறிந்ததில்லை. எங்கள் ஜவுளிக் கடையிலும் எல்லாக் கட்சிக் கரைகளும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். வண்ணத்தை விற்பதில் எனக்கு உறுத்தல் ஏற்பட்டதில்லை. உறுத்தியது என் தங்கை மகன் கொண்டுவந்த யோசனை.

மிகுந்த செல்வாக்குள்ள ஒரு தலைவரின் முகத்தைப் பனியனிலும் கைக்குட்டையிலும் சாவிக்கொத்திலும் அச்சிட்டு, கூட்டம் நடக்கும் ஊர்களில் விற்க வேண்டும் என்றான். தங்கை சீட்டு எடுத்த பணத்தில் திருப்பூரிலிருந்து இருநூறு வெள்ளைப் பனியன்களும் வந்து இறங்கிவிட்டன. "மாமா, ஊர்ச்சுவரெல்லாம் அவர் படம்தானே! நாம் போட்டால் அவருக்குத்தானே விளம்பரம்? இதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டான்.

எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. நம் வீட்டுச் சுவரில் நம்மைக் கேட்காமலேயே படம் ஒட்டிச் செல்பவர்கள், தம் படத்துக்கு மட்டும் அனுமதி கேட்கச் சொல்வது வேடிக்கைதான்! ஆயினும் அவர்கள் செய்யும் தவறு நமக்கு உரிமையாகிவிடாதே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாறு பற்றி 'நக்கீரன்' தொடுத்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை விளக்கியது. ஒருவரது பெயரையோ உருவத்தையோ அவரது இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதும் அவ்வுரிமையை மீறுவதாகும் என அப்போது குறிப்பிட்டது. அண்மையில், 2026 ஜனவரியில், மாநிலங்களவை உறுப்பினரும் மக்கள் நீதி மய்யத்தின் தலைவருமான கமல்ஹாசன் தொடுத்த வழக்கில், அவரது அனுமதியின்றி அவர் பெயரும் படமும் பொறித்த பொருள்களை விற்பதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கேலிச்சித்திரம் முதலியவற்றை அத்தடை கட்டுப்படுத்தாது என்றும் தெளிவாக்கியது. தலைவரை விமர்சிக்க அவரிடம் அனுமதி வேண்டியதில்லை. அவரை விற்கத்தான் வேண்டும்!

பிரதமரின் படத்திற்கு 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் காவலாக இருக்கிறது. அதில் ஒரு சுவையான விலக்கு உண்டு. அச்சிட்டவர், தயாரித்தவர் பெயர் மட்டும் கொண்ட, சரக்கு விளம்பரம் செய்யாத நாள்காட்டியில் அப்படத்தைப் போடலாம். தொழுகை நேரம் அச்சிட்டு நாம் ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்கு வழங்கும் நாள்காட்டிகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் கடைப் பெயர்தான் எல்லாவற்றினும் பெரிதாக இருக்கும்.

மறைந்த தலைவர்களின் நிலை வேறு. ஜெயலலிதா அம்மையாரைப் பற்றிய திரைப்படத்தை எதிர்த்து அவரது அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரது ஆளுமை உரிமை அவர் வாழ்நாளோடு முடிந்துவிடுகிறது என 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது.

ஆனால் சட்டத்தைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தவர் வாங்குபவர்தாம். வெற்றுப் பனியனுக்குக் கொடுப்பதைப் போல் இரு மடங்கு விலையை அந்த முகத்துக்காகவே கொடுக்கிறார். அவர் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காரர். அந்தப் பணத்தில் பனியனுக்கு எவ்வளவு, பாசத்திற்கு எவ்வளவு? கட்சியே வெளியிட்டது, ஒரு பங்கு கட்சி நிதிக்குப் போகும் என்றெல்லாம் அவர் எண்ணிக்கொள்கிறார். விற்பவன் வாய் திறந்து பொய் சொல்வதில்லை; அந்த எண்ணத்தைக் கலைக்காமல் காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். இரண்டு சலவையில் முகம் உரிந்து போனால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? தலைவரிடமா?

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட நிகழ்ச்சி நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிந்தது. மருமகனிடம் அதைத்தான் சொன்னேன். "உன் சரக்கின் ஈரம் எது தெரியுமா? இது கட்சியின் வெளியீடு அன்று என்பதுதான். அதை மேலே வை" என்றேன்.

"அப்படி அட்டை தொங்கவிட்டால் எவன் வாங்குவான் மாமா?"

"அப்படியானால் நீ விற்க நினைத்தது எதை?"

அவன் பதில் சொல்லவில்லை. தங்கைதான் கோபித்துக்கொண்டாள். "பெரிய கம்பெனிக்காரன் போட்டால் வியாபாரம், என் பிள்ளை போட்டால் பாவமா அண்ணா?" என்றாள். அவள் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. வழக்கும் தடையும் சிறியவன் தலையில் விழுந்தால் ஒரு சீட்டுப் பணமே போய்விடும். அதற்காகவும்தான் தடுத்தேன்.

தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. பனியனும் கைக்குட்டையும் அதில் அடங்குமா என்ற ஆராய்ச்சி நமக்கெதற்கு? தன் பெயரைப் போட்டு விற்கத் துணிவில்லாத சரக்கை அவன் விற்க வேண்டாம் என்பது என் கட்சி.

முடிவில் இருவருமாக அமர்ந்து அந்தக் கட்சியின் தலைமை அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். எத்தனை பனியன், என்ன விலை, எந்தப் படம், கட்சி நிதிக்கு எவ்வளவு கொடுக்க இயலும் என்று அனைத்தையும் ஒளிக்காமல் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினான். நாற்பது நாள்களாகியும் பதில் இல்லை. இதற்கிடையே கைப்பந்து ஆடும் பிள்ளைகள் அறுபது பனியன்களை வாங்கி, முதுகில் எண் மட்டும் போட்டுக்கொண்டனர். மீதி நூற்று நாற்பது கடையின் மேல்தட்டில் இருக்கின்றன. தபால்காரர் வரும்போதெல்லாம் தங்கை வாசலுக்கு வந்து நிற்கிறாள்.