ஹோல்டான்!

போன ஐப்பசியில் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. எங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்துக்குக் கம்பி கொண்டுவந்த டெம்போ நின்றிருந்தது. அவசரமாகக் கிளம்பிய நான் காரில் ரிவர்ஸ் போட்டேன். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். டெம்போவின் சக்கரம் பச்சைக் கோட்டுக்கும் அப்பால் இருந்தது. சென்சாரும் சத்தம் போடவில்லை. இன்னும் இடமிருக்கிறது என்று பின்னால் வந்தேன். படீரென்று ஒரு சத்தம். பின்கண்ணாடி முழுவதும் கற்கண்டு கொட்டியதுபோல் சீட்டில் உதிர்ந்தது.

இறங்கிப் பார்த்தால், டெம்போவுக்கு வெளியே நாலடி நீளத்துக்குக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, என் நெஞ்சு உயரத்தில். நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி மழையில் நனைந்து கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. அந்தச் சீட்டில் வழக்கமாக என் பேத்தி உட்காருவாள். அன்று அவளுக்குப் பள்ளி விடுமுறை. அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அதன்பிறகுதான் இந்தக் கருவிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். கேமரா நம்பர் பிளேட்டுக்கு மேலே, தரையைப் பார்த்துக் குனிந்தபடி இருக்கிறது. திரையில் தெரியும் கோடுகள் சமதரைக்குப் போட்ட கணக்கு. தரையைத் தொடாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அந்தக் கணக்கில் வராது. பின்னால் தரை மேடேறினாலும் பள்ளமானாலும் கோடு பொய் சொல்லும். சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்கிறது. சுவர் என்றால் எதிரொலி நன்றாகத் திரும்பும். ஒல்லியான கம்பி, கம்பிவேலி, தொங்கும் துணி என்றால் சரியாகத் திரும்பாது. பம்பருக்கு மிகக் கீழே கிடப்பதும் அதற்குத் தெரியாது. மழைநாளில் சேறு அப்பினாலோ, ஒன்றுமே இல்லாதபோதும் விடாமல் கத்தும். புலி வருது கதைதான். இரண்டு வாரத்தில் நம் காது அதைக் கேட்பதையே விட்டுவிடுகிறது.

என் கேமரா வேறொரு நாள் 'நோ சிக்னல்' என்று நீலத்திரை காட்டியது. மெக்கானிக் டிக்கி கதவு மடங்கும் இடத்தில் இருந்த ரப்பர் குழாயைப் பிதுக்கி, உள்ளே போகும் ஒயரை எடுத்துக் காட்டினார். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி மேலுறை வெடித்து, தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருந்தது.

இவ்வளவு சொன்னாலும் கேமரா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2002இல் அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவர், தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது, ஓடிவந்த தன் இரண்டு வயது மகன் கேமரன் கல்பிரான்சன்மீதே ஏற்றிவிட்டார். கண்ணாடிகளைப் பார்த்துத்தான் எடுத்தார். அத்தனை சிறிய உயிர் எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008இல் அங்கே சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய கார் ஒவ்வொன்றிலும் கேமரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. கேமராவையும் சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் கேமரா வந்ததும் காருக்குப் பின்னால் நின்ற ஆள் போய்விட்டார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டி பின்னால் வருமுன் கண்டக்டர் இறங்கிவிடுவார். பக்கவாட்டுத் தகரத்தில் தட்டிக்கொண்டே, "வா, வா, ரைட்ல ஒடி, நேரா வை, வா..." என்பார். "ஹோல்டான்!" என்று குரல் உயர்ந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். தேங்காய்க்காரியின் கூடை, கிளையின் உயரம், தூங்கும் நாய் எல்லாம் அவர் கண்ணில் இருக்கும்.

மகன் இப்போது நாலு பக்கமும் கேமரா வைத்த கார் வாங்கியிருக்கிறான். நேற்றுக் காலை அவன் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் பின்னால் போய் நின்றேன். "அப்பா, எல்லாம் ஸ்கிரீன்ல தெரியுதுப்பா, நீங்க உள்ள போங்க" என்றான். எதிர்வீட்டு கேட் லேசாகத் திறந்தது. மூன்று சக்கர சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. "ஹோல்டான்!" என்று கத்தினேன். வண்டி நின்றது. போய் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வா" என்றேன்.